குழாய் ஆர்கனில் நவீன திருஇசை: ஒலிப்பதிவு செய்யப் புறப்படுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேவாலயத்துக் குழாய் ஆர்கனில் நம் காலத்துத் திருஇசையைப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆர்கன் கலைஞர்கள் கேட்டவையும் உண்டு, முதன்முறையாக மைக்கைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குள் நுழைந்த ஒலிப்பதிவாளர்கள் கேட்டவையும் உண்டு. பதில்களில் பாதி படித்தது, மீதி பட்டது.

நவீன திருஇசை என்று எதைச் சொல்கிறீர்கள்?

கிதாரும் டிரம்ஸும் சேர்ந்த வழிபாட்டுப் பாடல்களை இங்கே குறிப்பிடவில்லை. இறைநம்பிக்கையைப் பொருளாகக் கொண்டு, ஏறத்தாழ 1930 முதல் ஆர்கனுக்கென்றே எழுதப்பட்டவற்றைச் சொல்கிறேன். நடுநாயகமாக நிற்பவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். 1931இல் பாரிஸ் நகரின் திரினிதே ஆலயத்தில் ஆர்கன் கலைஞராகச் சேர்ந்து, 1992இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆண்டவரின் பிறப்பைப் பற்றிய ஒன்பது பகுதிகள் கொண்ட 'லா நாத்திவிதே' (1935) முதல், நற்கருணையைப் பற்றிய பதினெட்டுப் பகுதிகள் கொண்ட கடைசி ஆர்கன் படைப்பு (1984) வரை எல்லாம் அவர் நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. எஸ்தோனியாவின் ஆர்வோ பேர்ட், செக் நாட்டின் பெத்ர் எபென், ரஷ்யாவின் சோஃபியா குபைதுலினா, பிரான்சின் மொரிஸ் துரூஃப்லே, இளம் வயதிலேயே 1940இல் போரில் மாண்ட ழான் அலேன் ஆகியோரும் இந்த வரிசையில் வருகிறார்கள்.

பாக்கின் இசையைப் பதிவு செய்யத் தெரிந்தவருக்கு இது புதிதாக இருக்குமா?

கருவி ஒன்றுதான், வேலை வேறு. பாக்கின் ஒரு ஃபியூக், அதாவது ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் இசை, தொடங்கிய சத்தத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். குரல்கள் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்டால் போதும். ஒலியளவை ஒருமுறை சரிபார்த்துவிட்டு உட்காரலாம். மெசியான் 1932இல் எழுதிய 'அப்பாரிசியோன்', அதாவது நித்திய திருச்சபையின் காட்சி, அப்படி உங்களை உட்கார விடாது. ஆழத்தில் காலால் வாசிக்கும் பெடல் சுத்தியல் போல அடித்துக்கொண்டே இருக்க, மேலே நாதம் சிறிது சிறிதாக வளர்ந்து, நடுவில் ஆர்கனின் முழு பலத்தோடு ஒரு சி மேஜர் சுரக்கூட்டாகக் கட்டடத்தை நிரப்பி, பிறகு வந்த வழியே தேய்ந்து மறைகிறது. தொடக்கத்தில் காற்று மோட்டாரின் இரைச்சலுக்குச் சற்று மேலே இருக்கும் ஒலி, நடுவில் உங்கள் விலா எலும்பைத் தொடும். இரண்டும் ஒரே பதிவில், இடையில் யாரும் பொத்தானைத் திருகாமல் அமைய வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் மௌனம். இந்த இசையில் இடைவெளி என்பது வாசிப்பின் ஒரு பகுதி. பழைய பழக்கத்தில் அதை 'ஒன்றுமில்லாத இடம்' என்று நினைத்துத் தொகுப்பில் சுருக்கியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாவத்தை முதல் வேலையில் நானும் செய்திருக்கிறேன்.

எந்த ஆர்கனிலும் எந்தப் படைப்பையும் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், அது அந்தப் படைப்பாக ஒலிக்குமா என்பதுதான் சந்தேகம். மெசியான் எந்த ஸ்டாப்பை (ஒரு குழாய் வரிசையை ஒலிக்க வைக்கும் குமிழை) இழுக்க வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிவைத்திருக்கிறார். அவர் மனத்தில் இருந்தது அரிஸ்தீத் கவாயே-கோல் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய பிரெஞ்சு ஆர்கனின் குரல். உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும், நெருப்பு போன்ற நாக்குக் குழாய்களும், கதவு மூடித் திறக்கும் பெட்டிக்குள் அடங்கிய மென்மையான வரிசைகளும் அதில் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு வட ஜெர்மனி பாணியில் கட்டிய கருவியில் அந்தப் பெட்டி இருக்காது, இருந்தாலும் அந்த நிறம் வராது.

ஓர் உதாரணம்: 1928இல் அவர் எழுதிய 'லே பாங்கே செலெஸ்த்', வானக விருந்து. மேலே கைகள் அசைவே தெரியாத வேகத்தில் சுரக்கூட்டுகளை மாற்ற, காலால் வாசிக்கும் பெடலில் நீர்த்துளி சொட்டுவது போல ஒரு மெட்டு. பெடல் என்றாலே அடித்தளம் என்று பழகிய காதுக்கு இங்கே அதிர்ச்சி காத்திருக்கிறது. ஆழமான குழாய்கள் எதுவும் கிடையாது. நான்கு அடியும் அதற்குக் குறைவான நீளமும் உள்ள உயர்ந்த குழாய்கள் மட்டும். பெடலில் அந்த வரிசைகள் இல்லாத ஆர்கனில், விசைப்பலகை ஒன்றின் ஸ்டாப்புகளைப் பெடலோடு இணைத்துச் சமாளிப்பார்கள். அதற்கு வழி இருக்கிறதா என்று ஆலயத்தை முன்பதிவு செய்வதற்கு முன்பே ஆர்கன் கலைஞரிடம் கேளுங்கள். ஒப்பந்தம் எழுதிய பிறகு கேட்டால் அந்தக் கேள்விக்குப் பயன் இல்லை.

பேர்ட்டின் படைப்புகளுக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு. சில ஸ்டாப்புகளே உள்ள சிறிய ஆர்கனில்கூட அவர் இசை நிறைந்து நிற்கும்.

ஆலயத்தின் முழக்கம் எத்தனை வினாடி இருந்தால் நல்லது?

முழக்கம் என்பது ஒலி நின்ற பிறகும் கட்டடத்தில் மிஞ்சி ஒலிப்பது. கையைத் தட்டி எண்ணிப் பார்ப்பது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். கைதட்டலில் ஆழ்ந்த ஒலிகள் இல்லை. கல் கட்டடத்தில் நீண்டு நிற்பவையோ அவைதான். முழு ஆர்கனில் ஒரு சுரக்கூட்டை வாசித்துவிட்டுக் கையை எடுக்கச் சொல்லி, ஒலி மறையும்வரை எண்ணுங்கள். நான்கு முதல் ஏழு வினாடி என்றால் மெசியானுக்கும் பேர்ட்டுக்கும் நன்றாக அமையும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு வினாடிக்கும் கீழே என்றால் நீண்ட சுரங்கள் அனாதையாக நிற்கும். அலேனின் 'லித்தானி' (1937) போன்ற வேகமான படைப்புக்கு ஏழு வினாடி கூடுதல்தான். ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் ஆர்கன் கலைஞர். சுரங்களைச் சற்றுக் குறுக்கி, சொற்றொடர்களுக்கு நடுவே கொஞ்சம் அதிகமாக மூச்சு விட்டால், மைக்கால் செய்ய முடியாததை விரல் செய்துவிடும்.

இருக்கைகள் காலியாக இருக்கும்போது முழக்கம் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஞாயிறு வழிபாட்டில் கேட்டு மயங்கிய ஒலி, ஆள் இல்லாத செவ்வாய் இரவில் இருக்காது.

எத்தனை மைக் வேண்டும்? எந்த வகை?

இரண்டு. அதற்கு மேல் வைப்பதெல்லாம் பயத்தால் வைப்பது என்று நான் சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் இரண்டில் தொடங்குங்கள்.

வகை முக்கியம். எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை ஏற்கும் அழுத்த மைக்குகள், ஆம்னி என்று சொல்கிறோமே, அவைதான் ஆர்கனின் அடியாழத்தை முழுதாகப் பிடிக்கும். முன்பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக்குகள் தூரத்தில் வைக்கும்போது ஆழ்ந்த ஒலியை இழந்துவிடும். அது அவற்றின் கட்டமைப்பிலேயே உள்ள குணம். கட்டடம் அளவுக்கு மீறி முழங்கினால் மட்டும் நான் அவற்றைத் தொடுவேன்.

இரண்டு ஆம்னி மைக்குகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? அறுபது சென்டிமீட்டரில் தொடங்கி மெல்ல அகற்றிக் கேளுங்கள். ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் ஆர்கனின் முகப்பு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பிளந்து நடுவில் பள்ளம் விழத் தொடங்கும். அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் சிலர் நடுவில் மூன்றாவது மைக்கை வைக்கிறார்கள். டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர்கள் இசைக்குழுக்களுக்காக வகுத்த முக்கோண அமைப்பு ஆர்கனுக்கும் ஒத்துவரும்.

பெரிய ஆலயத்தில் பின்னால் தள்ளி இன்னொரு ஜோடி வைத்து, தேவைப்பட்டால் கலக்கும்போது ஒரு சிட்டிகை சேர்க்கலாம். சேர்க்கும்போது தாமதத்தை மறக்க வேண்டாம்: ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லிவினாடி ஆகிறது. இரண்டாவது ஜோடி பத்து மீட்டர் பின்னால் இருந்தால் 29 மில்லிவினாடி வித்தியாசம். அதை அப்படியே விடுவதா, சரிசெய்வதா என்பதைக் காதால் முடிவு செய்யுங்கள்.

மைக்கை எங்கே வைப்பது?

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும், இதற்குத்தான் யாரும் செலவழிப்பதில்லை.

கணக்கு ஒன்று இருக்கிறது. நேரடி ஒலியும் முழக்கமும் சமமாகும் தூரத்தைக் கட்டடத்தின் கன அளவையும் முழக்க நேரத்தையும் வைத்துச் சொல்லிவிடலாம். 20,000 கன மீட்டர் கொள்ளளவும் ஆறு வினாடி முழக்கமும் உள்ள பேராலயத்தில் அது வெறும் 3.3 மீட்டர். புள்ளி போன்ற ஒலிமூலத்துக்கான கணக்கு அது. ஆர்கனோ ஒரு வீட்டின் முகப்பளவு பெரியது. எனவே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நாம் நினைப்பதைவிட அருகில் போக வேண்டும் என்ற புத்திமதி அதில் இருக்கிறது.

நான் செய்வது இது. ஆர்கன் கலைஞரை நடுத்தரச் சத்தத்தில் எதையாவது வாசித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, நடுப்பாதையில் பீடத்திலிருந்து ஆர்கன் மாடத்தை நோக்கி மெல்ல நடப்பேன். ஓர் இடத்தில் ஒலி மங்கலான மேகமாக இருக்கும். சில அடிகள் தள்ளி மேகத்துக்குள் ஒரு முகம் தெரியும். இன்னும் சில அடிகள் போனால் ஒவ்வொரு குழாயின் சீறலும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். முகம் தெரியும் இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டுவேன். பிறகு மைக்கை அதே இடத்தில் நான்கு முதல் ஆறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவேன், ஏனென்றால் குழாய்கள் தரையில் இல்லை. மாடத்தின் கைப்பிடிச் சுவரும் கீழே நிற்பவருக்குப் பாதி ஒலியை மறைக்கிறது. தாங்கியின் காலில் மணல் மூட்டை கட்டாயம்.

ஆர்கன் கலைஞரிடம் 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டு முடிவு செய்ய வேண்டாம். அவர் கருவியின் மடியில் உட்கார்ந்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் இருக்கும் வரிசை அவருக்கு இடி. உயரத்தில் பெட்டிக்குள் இருப்பது கிசுகிசு. கீழே இசைத்தாளோடு ஹெட்ஃபோனில் கேட்கும் ஒருவர், நம்பிக்கைக்குரிய காது உடையவர், கட்டாயம் வேண்டும். ஆள் குறைவு என்றால் இரண்டாவது ஜோடி மைக்கை விடுங்கள், இவரை விடாதீர்கள்.

தேவையற்ற ஆழ்ந்த இரைச்சலை வடிகட்டலாமா?

தொடவே தொடாதீர்கள். முப்பத்திரண்டு அடி வரிசையின் மிகத் தாழ்ந்த சி ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பதினாறு அடியில் 33 ஹெர்ட்ஸ். மனிதப் பேச்சுக்காக வடிவமைத்த கருவிகளில் உள்ள 80 ஹெர்ட்ஸ் வடிகட்டி, எட்டு அடிக் குழாயின் அடிச்சுரத்தையே கடித்துவிடும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு பேராலயத்தில் மூன்று இரவுகள் பதிவு. முந்தைய வாரம் அதே முன்பெருக்கியை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் கருவியை) ஒரு சொற்பொழிவுக்குப் பயன்படுத்தியிருந்தேன். வலது சேனலில் அந்தச் சின்னப் பொத்தான் அமுங்கியபடியே இருந்தது. சிறு ஹெட்ஃபோனில் வித்தியாசம் தெரியவில்லை; ஆலயத்துக்குள் இருந்ததால் உடம்பே ஆழத்தை உணர்ந்து காதை ஏமாற்றியது. வீட்டுக்கு வந்து பெரிய ஒலிபெருக்கியில் போட்டபோது கட்டடம் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மூன்றாவது இரவில் மட்டும் எப்படியோ பொத்தான் வெளியே வந்திருக்கிறது, கேபிள் மாற்றும்போது கை பட்டிருக்க வேண்டும். முதல் இரண்டு இரவுகளின் உழைப்பும் வீண். அன்றிலிருந்து, பதிவுக்கு முன் ஒவ்வொரு பொத்தானையும் விரலால் தொட்டு வாயால் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஜெபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒலியளவை எப்படிப் பொருத்துவது?

படைப்பிலேயே உச்சமான இடத்தை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். 'முழு பலம்' என்று பொதுவாகச் சொன்னால் கலைஞர்கள் கொஞ்சம் அடக்கியே காட்டுவார்கள். இசைத்தாளில் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். அந்த உச்சம் டிஜிட்டல் எல்லைக்கு 10 முதல் 12 டெசிபல் கீழே நிற்கும்படி வைத்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போகாதீர்கள். 24 பிட் பதிவில் கீழே ஏராளமான இடம் இருக்கிறது. மென்மையான பகுதிகள் சிறியதாகத் தெரிவது திரையில்தான்.

காற்று மோட்டாரின் சத்தத்தை என்ன செய்வது?

ஆர்கனுக்கு மூச்சு கொடுப்பது அந்த மோட்டார். அதன் மெல்லிய இரைச்சல் எல்லா ஆலயத்திலும் உண்டு. அளவாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை மென்பொருளால் துடைக்கப் போனால் முழக்கத்தின் வாலும் கூடவே துடைந்து, சுரம் முடியும் இடமெல்லாம் கத்தரித்தது போல ஆகும்.

செய்ய வேண்டியது ஒன்று: மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, யாரும் வாசிக்காமல், அசையாமல் இரண்டு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். பகுதிகளுக்கு நடுவே மௌனம் தேவைப்படும்போது அந்த மௌனத்தைத்தான் வைக்க வேண்டும். கணினியின் சூனியத்தை வைத்தால் கேட்பவர் ஒலிபெருக்கி நின்றுவிட்டதோ என்று எழுந்து பார்ப்பார்.

இந்த மோட்டாரே இசைக்குள் வரும் படைப்பு ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் ஷ்பையர் பேராலயத்தின் 900ஆம் ஆண்டை ஒட்டி 1980இல் பேர்ட் எழுதிய 'ஆன்னும் பெர் ஆன்னும்', ஆண்டுதோறும் என்று பொருள். திருப்பலியின் ஐந்து பகுதிகளைக் குறிக்கும் ஐந்து நடுப்பகுதிகள், முன்னால் ஒரு முகவுரை, பின்னால் ஒரு முடிவுரை. முகவுரையில் ஒரே இசைவு தாளத்தோடு முழங்கி வந்து, இறுதியில் கலைஞர் விசைகளை அழுத்தியபடியே இருக்க, மோட்டாரை நிறுத்திவிடுகிறார்கள். காற்றறையில் மிஞ்சிய காற்று தீரத் தீர ஒலி தளர்ந்து, சுருதி சரிந்து, குழாய்கள் ஒவ்வொன்றாக மூச்சை விடும்.

இதைப் பதிவு செய்யப் போகிறவருக்கு மூன்று செய்திகள். முதலாவது, சில ஆர்கன்களில் மோட்டாரின் சுவிட்சும் விசைகளுக்கான மின்சாரமும் ஒன்றே. நிறுத்தினால் ஒலி சாவதற்குப் பதில் பட்டென்று அறுந்துவிடும். ஆர்கனைப் பராமரிப்பவரிடம் தனி சுவிட்ச் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, காற்று தீர எவ்வளவு நேரம் ஆகும் என்பது எத்தனை ஸ்டாப்புகள் திறந்திருக்கின்றன, காற்றறை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. ஒத்திகையில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். மூன்றாவதுதான் சுவாரசியம். இசையோடு சேர்ந்து மோட்டார் இரைச்சலும் அடங்குகிறது. அதுவரை இருப்பதே தெரியாமல் இருந்த ஒரு திரை விலகி, கட்டடத்தின் உண்மையான அமைதி அந்தக் கணத்தில்தான் முதன்முறையாகக் கேட்கும். அந்த இடத்தில் நீங்கள் பதிவு செய்து வைத்த மோட்டார் மௌனத்தை நிரப்பினால் படைப்பையே கெடுத்தீர்கள். மோட்டார் மறுபடி உயிர்பெற்று அடுத்த பகுதி தொடங்கும்வரை உள்ளதை உள்ளபடி விடுங்கள்.

சுருதி சேர்ப்பவர் எப்போது வர வேண்டும்?

பதிவு நடக்கும் அதே வெப்பநிலையில். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சாதாரணக் குழாய்களின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு, உயர்கிறது. நாக்குக் குழாய்கள் அவ்வளவாக நகர்வதில்லை. காலையில் வெப்பமூட்டி ஓட, 20 டிகிரியில் சுருதி சேர்த்துவிட்டு, இரவில் அதை அணைத்து 15 டிகிரியில் பதிவு செய்தால், இரண்டுக்கும் நடுவே 15 சென்ட் பிளவு. எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் உச்சத்தில் அது அலையலையாக அடித்துக் காட்டிக்கொடுக்கும். வெப்பமூட்டியின் இரைச்சலுக்காக அதை அணைக்கத்தான் போகிறீர்கள் என்றால், பல மணி நேரம் முன்பே அணைத்துவிட்டு, பிறகு சுருதி சேர்ப்பவரை அழையுங்கள்.

முடிந்தால் அவரைப் பதிவு முடியும்வரை இருக்கச் சொல்லுங்கள். விசையை விட்ட பிறகும் ஒரு குழாய் ஊதிக்கொண்டே இருக்கும் கோளாறு நள்ளிரவில்தான் வரும்.

பகலிலா, இரவிலா?

இரவில். போக்குவரத்தின் உறுமல் முப்பத்திரண்டு அடிக் குழாயின் எல்லையிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். கோபுரக் கடிகாரத்தின் மணியை நிறுத்த முடியுமா என்றும் கேட்டு வையுங்கள்.

தவறுகளைப் பிறகு ஒட்டிச் சரிசெய்துவிடலாம் அல்லவா?

ஓரளவுக்கு. ஆறு வினாடி முழங்கும் கட்டடத்தில் எந்தச் சுரமும் தனியாக இல்லை. அதற்கு முந்தைய ஆறு வினாடிகளும் அதன் அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே, தவறிய இடத்திலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தால் அந்த அடிநீரோட்டம் இருக்காது, ஒட்டு அப்பட்டமாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வினாடி முன்னாலிருந்து, அதே ஸ்டாப்புகளோடு, அதே வேகத்தில் வாசித்து வர வேண்டும். ஒட்டுவதற்கு ஏற்ற இடம் பலத்த சுரக்கூட்டு ஒன்று தொடங்கும் விளிம்பு. புதிய ஒலி பழைய வாலை மூடிவிடும். பலத்திலிருந்து மென்மைக்கு இறங்கும் இடத்தில் ஒட்ட முயன்று ஓர் இரவைத் தொலைக்க வேண்டாம்.

ஒவ்வொரு எடுப்பின் (டேக்கின்) முடிவிலும் யாரும் பேசக் கூடாது, பக்கம் புரட்டக் கூடாது, இருக்கையில் அசையக் கூடாது. முழக்கம் செத்துவிட்டது என்று தோன்றிய பிறகும் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒரு நல்ல எடுப்பின் கடைசி வினாடியில் 'அருமை!' என்று நானே கூவியதை இன்றும் வைத்திருக்கிறேன்.

முழக்கம் போதவில்லை என்றால் செயற்கையாகச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் எனக்கு ருசிப்பதில்லை. ஆர்கனைக் கட்டியவர் ஒவ்வொரு குழாயின் குரலையும் அந்த அறைக்கென்றே செதுக்கியிருக்கிறார். இன்னோர் அறையை அதன் மேல் போர்த்தினால் இரண்டு கட்டடங்கள் ஒன்றோடொன்று முட்டுவது கேட்கும்.

ஆர்கனோடு பாடகர் குழுவோ வேறு கருவியோ இருந்தால்?

தூரம்தான் எதிரி. ஆர்கன் மேற்கு மாடத்திலும் பாடகர்கள் பீடத்தருகிலும், நடுவில் முப்பது மீட்டர் என்றால், ஒலி போய்ச் சேர ஏறத்தாழ 88 மில்லிவினாடி. பாடகர்கள் காதால் கேட்டுப் பின்தொடர்ந்தால் எப்போதும் தாமதம். கேமரா வைத்து நடத்துநரின் கையைக் கலைஞருக்குக் காட்டுவது, அல்லது பாடகர்களையே மாடத்துக்கு ஏற்றுவது, இவற்றில் இரண்டாவது நல்லது. சுருதியும் கவனம்: ஆர்கன் நகராது, மற்றவர்கள்தான் அதற்கு வர வேண்டும்.

குபைதுலினாவின் 'இன் குரோச்சே' (1979) செல்லோவுக்கும் ஆர்கனுக்கும் எழுதியது. ஒன்று மேலிருந்து கீழே, மற்றது கீழிருந்து மேலே நகர்ந்து சிலுவை போல ஒன்றையொன்று கடக்கின்றன. செல்லோவுக்கு அருகில் ஒரு மைக் வைத்து முன்னால் தள்ளினால் அந்தக் குறுக்கீடு அழிந்துவிடும். இரண்டும் ஒரே காற்றில் இருப்பதாகக் கேட்க வேண்டும். எபெனின் 'யோபு' (1987) எட்டுப் பகுதிகள். இடையிடையே விவிலியத்திலிருந்து யோபுவின் வரிகள் வாசிக்கப்படும். வாசிப்பவரைத் தனியே ஸ்டூடியோவில் பதிவு செய்து ஒட்டுவது எளிது, ஆனால் வேண்டாம். அதே ஆலயத்தில் நிற்க வைத்து, சொல்லின் பின்னால் அதே கல்சுவர் கேட்கும்படி செய்யுங்கள்.

உண்மையான ஆர்கனுக்குப் பதில் கணினியில் மாதிரி ஒலிகளை வைத்துப் பதிவு செய்தால் தெரியுமா?

ஹாப்ட்வெர்க் போன்ற மென்பொருளில், ஒரு நிஜ ஆர்கனின் குழாய்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து விசைப்பலகையில் பொருத்துகிறார்கள். பயிற்சிக்கு அருமையான சாதனம். எந்த ஸ்டாப் சேர்க்கை எப்படி ஒலிக்கும் என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு ஆலயத்துக்குப் போகலாம். மெதுவான பகுதிகளில் பலரால் வித்தியாசம் சொல்ல முடியாது. உச்சத்தில் தெரியும்: நிஜ ஆர்கனில் ஆயிரக்கணக்கான குழாய்கள் ஒரே காற்றுக்குப் போட்டியிடுகின்றன, காற்றழுத்தம் ஒரு கணம் தளர்ந்து மீள்கிறது. அதையும் போலச் செய்ய முயல்கிறார்கள். நீங்கள் எதைப் பயன்படுத்தினாலும் சரி, அட்டையில் உண்மையை எழுதுங்கள்.

யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?

ஆலய நிர்வாகம், அங்குள்ள நிலையான ஆர்கன் கலைஞர், பதிப்புரிமை உடையவர். பல நாடுகளில் உரிமை படைப்பாளி இறந்து எழுபது ஆண்டுகள்வரை நீடிக்கிறது. அந்தக் கணக்கில் மெசியானின் படைப்புகள் 2062 முடியும்வரையும், 1986இல் இறந்த துரூஃப்லேயின் படைப்புகள் 2056 முடியும்வரையும் காப்பில் இருக்கும். 1939இல் இறந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷார்ல் தூர்ன்மீர் அந்த நாடுகளில் ஏற்கெனவே பொதுச் சொத்து. திருவழிபாட்டு ஆண்டு முழுவதற்குமாக அவர் எழுதிய 'லோர்க் மிஸ்தீக்' ஒரு கடல், பதிவுகளோ குறைவு. படத்தோடு காணொளியாக வெளியிடுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதைப் பலர் வெளியிட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

கைப்பேசியில் கேட்பவர்களுக்காக ஒலியைச் சமப்படுத்த வேண்டுமா?

மென்மைக்கும் பலத்துக்கும் உள்ள தூரத்தைச் சுருக்காதீர்கள். அதுதான் இந்த இசையின் உடல். இணைய இசைத் தளங்கள் எப்படியும் தங்கள் கணக்குக்கு ஒலியளவை மாற்றிக்கொள்ளும். முழுத் தொகுப்பையும் ஒரே அளவுகோலில் தரும்படி சமர்ப்பியுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய பகுதி தனியாக உயர்த்தப்பட்டு உச்சப் பகுதிக்குச் சமமாக வந்து நிற்கும். ஆழ்ந்த சுரங்கள் சிறு ஒலிபெருக்கியில் வராது. அவற்றோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த மேல் இசைவுகளைக் கொண்டு காது கொஞ்சம் ஊகித்துக்கொள்ளும்.

முன்மாதிரியாக எதைக் கேட்கலாம்?

1956இல் மெசியான் தன் படைப்புகளைத் தானே திரினிதேயில் வாசித்துப் பதிவு செய்தார். ஒற்றைச் சேனல், குறைகள் காதில் விழும். ஆனால் எவ்வளவு மெதுவாக வாசிக்க அவருக்குத் துணிச்சல் இருந்தது என்று கேளுங்கள். பிறகு ஆர்கன் கலைஞர் ஜெனிஃபர் பேட் அதே ஆலயத்தில், மெசியான் உயிரோடு இருந்தபோதே பதிவு செய்த நற்கருணைப் படைப்பைக் கேளுங்கள். அதே சுவர்கள், வேறு மைக்குகள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மைக் எங்கே நின்றிருக்கும் என்று ஊகிக்கத் தொடங்குவீர்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி பதிவு செய்து சேர்க்க முடியுமா?

முதல் நாளே அதற்குத் தயாராகியிருந்தால் முடியும். மைக்கிலிருந்து மாடத்துக்கும் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் உள்ள தூரம், உயரம், சாய்வு, வெப்பநிலை, ஒவ்வொரு பகுதிக்குமான ஸ்டாப்புகள், பெட்டிக் கதவு எவ்வளவு திறந்திருந்தது, முன்பெருக்கியின் எண்கள், இவையெல்லாம் தாளில் இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் எழுதிவைத்து, ஒரு முறை திரும்பிப் போனேன். மைக் சென்டிமீட்டர் பிசகாமல் நின்றது. வெப்பநிலை அதே. வாசித்தவரும் அவரே. பதிவு ஒட்டவில்லை, ஒலி எங்கோ வறண்டிருந்தது. அரை மணி நேரம் கேபிள்களைச் சோதித்த பிறகு நிமிர்ந்து பார்த்தேன். விழாக் காலத்துக்காகத் தூண்களுக்கு நடுவே கூரையிலிருந்து தரைவரை கனத்த துணித் தோரணங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏணி கொண்டுவர ஆள் அனுப்பினோம்.